படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் இடம் எங்கே?

சங்கத்துத் தறிகளைக் கணக்கெடுக்கச் செல்லும்போது, உறுப்பினர் வீட்டிற்குள் நுழைந்து தறியைக் கண்ணாற் கண்டு வருவது ஆய்வாளனுடைய கடமை. தறி ஓடுகிறதா, நின்றிருக்கிறதா, பாவு ஏறியிருக்கிறதா, நெய்பவர் உறுப்பினர்தாமா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டிற்குப் போய்விட வேண்டியதுதான். அவ்வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் எங்கே அமர்கிறார்கள், எங்கே படுக்கிறார்கள் என்பன எங்கள் படிவத்தில் இல்லாத கேள்விகள். ஆயினும், சென்ற ஆண்டு சென்னிமலைப் பக்கத்து ஊர் ஒன்றில் அக்கேள்விகளைக் கேட்கும்படி நேர்ந்தது. அதிலிருந்து எழுந்த அபிப்பிராயத்தைத்தான் உறுப்பினர்கள் முன்பு இங்கே வைக்க விரும்புகிறேன்.

மாலை ஏழு மணி இருக்கும். வீட்டுத் தலைவர் குழித்தறியில் அமர்ந்து படுக்கை விரிப்பு நெய்துகொண்டிருந்தார். தறிக்கும் சுவருக்கும் இடையே இருந்த சந்தில், பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள் முழங்காலின்மேல் நோட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தறிக்கு மேலே தொங்கிய விளக்கின் ஒளி அச்சின்மீது நன்றாக விழுந்தது. அந்தப் பெண்ணின் நோட்டின்மீது அவள் தலையின் நிழல்தான் விழுந்தது. புத்தகங்கள் துணிப்பையில் ஆணியில் தொங்கின. படிவத்தை மூடிவிட்டு, “எங்கேம்மா படுப்பாய்?” என்று கேட்டேன்.

“அப்பா தறியை விட்டு எழுந்ததுக்கப்புறம் இங்கதானுங்க சார்.”

“எழுந்திருக்க எத்தனை மணியாகும்?”

“பத்து, பத்தரை ஆயிருங்க.”

“காலையில்?”

“அஞ்சு மணிக்கு அம்மா தார் சுத்த உக்காருவாங்க. அப்ப பாயைச் சுருட்டிருவோமுங்க.”

பெண்ணிடத்தில் குறையேதும் இல்லை. தந்தையிடத்திலும் இல்லை. கூலி குறைந்தால் பீஸ் கட்ட இயலாது என்பதற்காகவே அவர் பத்தரை மணிவரை நாடாவை ஓட்டுகிறார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் நெய்த விரிப்பு யாரோ ஒருவருடைய மெத்தையை அலங்கரிக்கச் செல்கிறது. அவர் மகள் பழஞ்சேலையை நான்காய் மடித்துப் படுக்கிறாள். இது புதிய செய்தியன்று, நெசவாளர் தெருவில் நூறு வீடுகளில் காணத்தக்கதுதான். நூறு வீடுகளில் இருக்கிறது என்பதனாலேயே நாம் இதைக் காணாமற் போகிறோம்.

நான் சொல்ல வந்தது இவ்வளவே. நெசவாளர் வீட்டில் தறிக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடத்தைப் பற்றி யாரும் வழக்காடுவதில்லை. விருந்தினர் நூறு பேர் வந்தாலும் தறிக்குழியின்மேல் பலகை போட்டுப் பந்தி வைப்போமேயன்றித் தறியைப் பெயர்த்து முற்றத்தில் வைப்பதில்லை. அதுபோலவே படிக்கும் பிள்ளைக்கும் பெயர்க்கப்படாத ஓர் இடம் வீட்டில் இருத்தல் வேண்டும். படுப்பதற்கும், உட்கார்ந்து எழுதுவதற்கும், புத்தகம் வைப்பதற்கும் சேர்ந்த இடம். தனி அறை கட்ட முடிந்தவர் கட்டிக்கொள்ளட்டும், மகிழ்ச்சிதான். கட்ட இயலாதவரைப் பற்றியே என் பேச்சு.

இதைச் சொன்னவுடன் பெரியவர்கள் வழக்கமாக ஒரு மறுமொழி கூறுவார்கள். “படிக்கிற பிள்ளை எங்கிருந்தாலும் படிக்கும். நீதிபதி முத்துசாமி ஐயர் தெருவிளக்கின் கீழ்ப் படித்தவர்தாமே” என்பார்கள். அவரைப் பற்றி அவ்வாறு சொல்லப்படுவது உண்டு. அவர் பெருமையில் எனக்குக் குறைவான எண்ணம் இல்லை. எனினும் ஒன்று கேட்கிறேன். தெருவிளக்கின் கீழ்ப் படித்து நீதிபதியானவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அதே விளக்கின் கீழ் உட்கார்ந்து, கண் கெட்டு, தூக்கம் கெட்டு, தேர்வில் தோற்று, பதினாறாம் வயதில் தறிக்கோ சாயப்பட்டறைக்கோ திரும்பியவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? ஒரு சங்கம் தன் நூறு உறுப்பினர்களில் மிக நன்றாக நெய்யும் ஒருவரை மட்டும் காட்டி, மற்றவர்களுக்கு நல்ல நூல் வேண்டியதில்லை என்று தீர்மானித்தால் நாம் ஒப்புவோமா? பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் அவ்வகைக் கணக்கை எப்படி ஒப்புகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பயிரிடுவோர் தங்களுக்கு இது பொருந்தாது என்று எண்ண வேண்டாம். நான் நெசவாளர் வீட்டில் பிறந்தவன் அல்லேன். நிலக்கடலையும் பருத்தியும் விளைவித்த வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டில் அறை ஒன்று இருந்தது. அதற்குப் பெயரும் “படிக்கிற அறை” என்பதுதான். அதில் அறுவடைக்குப் பின் கடலை மூட்டை, மழைக்கு முன் யூரியா மூட்டை, எஞ்சிய நாட்களில் நான் என்ற முறையில் குடியிருந்தோம். அலமாரியின் கீழ்த்தட்டில் என் புத்தகங்கள். அதற்கு மேல்தட்டில், கைக்குழந்தைக்கு எட்டாதிருக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு, எண்டோசல்பான் புட்டி. மூடி சரியாக இராது. இரவு முழுவதும் அந்த நெடியில் உறங்கினேன். அம்மருந்தை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை செய்தபோது நான் படிப்பை முடித்திருந்தேன். செய்தித்தாளில் அதைப் படித்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் தமிழ்ப் பாடநூலின் அட்டையில் இருந்த எண்ணெய்க் கறைதான். இன்றும் ஆய்வுக்குச் செல்லும் வீடுகளில், வேறு பெயருள்ள புட்டிகள் பிள்ளைகளின் தலைமாட்டிலே இருப்பதைக் காண்கிறேன். பூச்சிமருந்தும் உரமும் மனிதர் உறங்கும் இடத்தில் இருத்தலாகாது. பிள்ளையின் இடத்தை அமைக்கும் வேலையை ஒருவர் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், முதலில் அந்தப் புட்டிகளை வெளியே எடுத்துத் தனிப் பெட்டியிற் பூட்டி வைப்பதிலிருந்து தொடங்குங்கள் என்பேன். நெசவாளர் வீட்டில் அந்தப் புட்டிக்குப் பதிலாகச் சாயப்பொடி என்று கொள்க.

எவ்வளவு இடம் வேண்டும்? படுக்கைக்கு ஆறடி நீளமும் இரண்டரை அடி அகலமும் போதும். மேசைக்கு இரண்டரை அடிக்கு ஒன்றரை அடி. உட்கார்ந்து எழ இரண்டு அடி. ஆக, ஏழடிக்கு ஆறடி இருந்தால் வளர்ந்த பிள்ளை ஒன்று படுக்கலாம், படிக்கலாம், தன் துணியை வைக்கலாம். நாற்பத்திரண்டு சதுர அடி! நம் கூடங்களில் அவ்விடம் இல்லை என்று உடனே சொல்லிவிடாமல், சற்று நடந்து பாருங்கள். ஓடாத இரண்டாவது தறி கழற்றப்படாமல் நிற்கிறதா? கல்யாணப் பாத்திரங்கள் மூலையை அடைத்திருக்கின்றனவா? கூடத்தின் மிக நல்ல சுவரைத் தொலைக்காட்சிப் பெட்டி பிடித்துக்கொண்டிருக்கிறதா? நான் கண்ட வீடுகள் பலவற்றில் இடப்பஞ்சத்தைவிட, எந்தப் பொருளுக்கு எந்த இடம் என்ற தீர்மானப் பஞ்சமே மிகுதி.

வெளிச்சத்தைப் பற்றி நெசவாளருக்கு நான் கற்பிக்க வேண்டுவது ஒன்றுமில்லை. கையின் நிழல் இழையின்மேல் விழாதபடி விளக்கைத் தொங்கவிட அவர் அறிவார். இழை அறுந்தால் கண் உடனே காண வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். அந்த அறிவையே மகளின் நோட்டுக்கும் கொண்டு செல்ல வேண்டும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு ஒளி இடப்புறத்திலிருந்து வர வேண்டும். இடக்கையால் எழுதுவோர்க்கு வலப்புறத்திலிருந்து. பகலில் சன்னலுக்குப் பக்கவாட்டில் அமர்வது நலம். பல்பு கண்ணுக்கு நேரே தெரியாதவாறு ஒரு மூடாக்கு இருக்க வேண்டும். கூடத்து விளக்கு ஒன்றையே நம்பியிராமல் மேசைக்குத் தனி விளக்கு வைத்தால், மற்றவர் உறங்கும்போது பெரிய விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளை படிக்கலாம். யாரும் யாரையும் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

மின்கட்டணம் ஏறிவிடும் என்ற அச்சத்திற்கு இடமில்லை. ஒன்பது வாட் எல்.ஈ.டி. விளக்கை நாள்தோறும் ஐந்து மணி நேரம் எரித்தாலும், இரண்டு மாதத்திற்கு மூன்று யூனிட்டுக்கும் குறைவாகவே ஆகும். எழுபத்தைந்து வாட் மின்விசிறியை இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாதத்திற்கு 36 யூனிட். கைத்தறி நெசவாளர்க்கு இருமாதத்திற்கு 200 யூனிட்டாக இருந்த கட்டணமில்லா மின்சாரம் 2023-இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்டதை உறுப்பினர்கள் அறிவர். அந்த 300-இல் படிக்கும் பிள்ளைக்கென்று நாற்பது யூனிட் ஒதுக்குவது பெரிய தியாகமன்று. இருமாதக் கணக்கில் நான் இதை எழுதிக் காட்டியபோது, “விளக்குக்கு இவ்வளவுதானா! நாங்கள் இருட்டில் உட்கார வைத்ததெல்லாம் இதற்காகவா?” என்று ஒரு தாயார் வியந்தார்.

மேசை, நாற்காலி என்றவுடன் கடைக்கு ஓட வேண்டியதில்லை. தரையில் அமர்ந்து படிப்பது நம் பழக்கம். அதில் இழிவு ஒன்றுமில்லை. ஆனால் தரையில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதுவதும், குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுவதும் முதுகையும் கழுத்தையும் கெடுப்பவை. பழைய சங்க அலுவலகங்களில் கணக்குப்பிள்ளை முன் ஒரு சாய்வு மேசை இருக்கும். ஓரடி உயரம், மேற்பலகை சற்றுச் சாய்ந்து, திறந்தால் உள்ளே ஏடு வைக்க இடம். மாணாக்கர்க்கு அதைவிட நல்ல தளவாடம் இல்லையென்றே சொல்வேன். சுவரில் முதுகு சாய அமர்ந்து, அந்த மேசையைத் தொடைக்கு மேலாக இழுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரம் அசையாது எழுதலாம். நாற்காலி போட விரும்புவோர் ஒன்றை மட்டும் பார்க்கட்டும்: பிள்ளை அமர்ந்தால் பாதம் தரையிற் பதிய வேண்டும், மேசையின் மேற்பலகை முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். கால் தொங்கினால் ஒரு மணைப்பலகையைக் கீழே போட்டால் தீர்ந்தது.

படுக்கைக்கு வருவோம். இங்கேதான் நம் சங்க உறுப்பினர்கள் பெருமைப்படவும் நாணவும் ஒருங்கே இடமிருக்கிறது. ஒரு மாணவன் நன்றாக உறங்குவதற்கு வேண்டிய பொருள்களில் நம்மவர் விளைவிக்காததும் நெய்யாததும் எது? போடிநாயக்கனூர்ப் பக்கம் இலவம்பஞ்சு வருகிறது. காவிரிக் கரையில் கரூர், முசிறி வட்டாரத்தில் கோரை வளர்கிறது. பவானியில் ஜமுக்காளம் நெய்கிறார்கள். சென்னிமலையில் விரிப்பும் போர்வையும் நெய்கிறார்கள். இவ்வளவும் நம்மிடமிருந்து வெளியே போய்விட்டு, நம் பிள்ளைகளுக்கு மட்டும் செயற்கை இழைப் போர்வையும் பிளாஸ்டிக் பாயும் சந்தையிலிருந்து உள்ளே வருகின்றன. பிளாஸ்டிக் பாய் மலிவு, கழுவ எளிது என்பது உண்மை. கோடை இரவில் அதன்மேல் படுத்தவனுக்கு முதுகு வேர்த்து ஒட்டிக்கொள்வதும் உண்மை.

குழித்தறி வீட்டின் தரை பெரும்பாலும் குளிர்ந்து ஈரம் கசியும் தரை. நூல் அறாதிருக்க அந்த ஈரப்பதம் தறிக்கு நல்லது. தரையில் படுக்கும் பிள்ளைக்கு நல்லதன்று. ஆகையால் படுக்கை தரையிலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். கயிற்றுக் கட்டிலோ, செங்கல்லின்மேல் பலகையோ எதுவாயினும் சரி. உயர்த்துவதால் இன்னொரு பயனும் உண்டு. கட்டிலின் கீழே ஒரு தகரப்பெட்டி வைக்கலாம், துணிமணிக்குத் தனி அலமாரி வேண்டியதில்லை. கட்டிலின்மேல் மூன்று அல்லது நான்கு அங்குல இலவம்பஞ்சு மெத்தை. இலவம்பஞ்சு எடை குறைந்தது, ஈரத்தை எளிதில் உறிஞ்சாதது. ஆனால் வாரம் ஒருமுறை வெயிலிற் காயப்போட்டுத் தட்டி எடுத்தால்தான் அது மெத்தை. இல்லையேல் சில மாதங்களில் கட்டி தட்டிப்போன மூட்டை. அதைக் காயப்போடும் வேலையை அம்மாவின் தலையில் கட்டாமல் பிள்ளையே செய்யட்டும். மெத்தைக்கு மேலே கைத்தறி விரிப்பு இரண்டு இருந்தால் ஒன்றைத் துவைக்கையில் மற்றது உதவும். கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியிற் செருக வேண்டும். தொங்கவிட்ட வலை கொசுவுக்குப் பந்தல் போட்டது போலத்தான்.

தறி இருக்கும் கூடத்தில் பஞ்சுத் தூசி பறக்கும். அதனால் பிள்ளையின் படுக்கைப் பக்கம் ஒரு திரை அவசியம். பெண்பிள்ளைக்கோ அத்திரை தூசிக்காக மட்டுமன்று. பதினாறு வயதுப் பெண் உடைமாற்றிக்கொள்ளவும், உடல்நலம் குன்றிய நாளில் சற்றுப் படுத்திருக்கவும், தெருவிலிருந்து வருவோர் கண்ணிற் படாமல் அமர்ந்திருக்கவும் ஒரு மறைவு வேண்டுமென்பதை நாம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆண்பிள்ளை திண்ணையிலோ மொட்டைமாடியிலோ நண்பன் வீட்டிலோ படித்துக்கொள்வான். பெண் எங்கே போவாள்? வீட்டில் ஓரிடம் மட்டுமே ஒதுக்க முடியுமானால், அதை முதலில் மகளுக்கு ஒதுக்குங்கள் என்பது என் துணிபு. இதற்கு எதிர்ப்பு வரும் என்பதை அறிவேன். எதிர்ப்போர் காரணத்தோடு எழுதட்டும்.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் உறங்க வேண்டுமென்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். நாம் கண்ட அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது ஆறரை மணி. இரவு பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி உட்கார வைத்து, அது புத்தகத்தின்மேல் தூங்கி விழுவதைப் பார்த்து மகிழும் பெற்றோரை நான் அறிவேன். இதைக் கல்விப் பற்று என்று கருதுவதற்கில்லை. விடியலிற் படிப்பது நன்றுதான். அப்படியானால் இரவு எட்டரை மணிக்குப் படுக்க இடம் காலியாயிருக்க வேண்டும். தறி நின்ற பிறகே பாய் விரிக்க முடியும் என்ற வீட்டில் அது எங்ஙனம் கூடும்? இடத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான். இடம் நிலையானால்தான் நேரம் நிலைக்கும்.

கைப்பேசி உறங்குமிடத்திற்குள் வரவேண்டாம். அதற்கு மின்னேற்றும் இடத்தைத் தறிப்பக்கத்தில் வைத்துவிட்டால், பாதிச் சண்டை ஓய்ந்துபோகும். அந்த விதி தந்தைக்கும் உண்டு என்றால் மீதிச் சண்டையும் ஓயும்.

இனிச் சங்கத்தின் பங்கு யாது என்பது. “வீட்டு விவகாரத்தில் சங்கம் ஏன் தலையிட வேண்டும்?” என்று ஒரு தலைவர் என்னைக் கேட்டார். 1844-இல் இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தில் 28 பேர் கூடிக் கடை திறந்தார்கள் என்பது கூட்டுறவுப் பயிற்சியில் முதல் நாளே சொல்லப்படும் செய்தி. அவர்களிற் பலர் நெசவாளர்கள். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்க ஏற்பட்ட அச்சங்கம் சில ஆண்டுகளுக்குள்ளாகவே கடைக்கு மேல்மாடியில் வாசகசாலை வைத்தது. உபரியில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கியது. அந்த நெசவாளர்களின் வீட்டிலும் இடம் இராது. ஆகவே சங்கமே இடம் தேடித் தந்தது. நம் நாட்டிலும் சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. உறுப்பினர் பிள்ளைகளின் கல்வி நம் காரியமன்று என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சங்கம் செய்யக்கூடியது பெரிய காரியமொன்றுமில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திற்கு முன்பே எந்தெந்த உறுப்பினர் வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டால், சாய்வு மேசையும் விளக்கும் மொத்தமாகச் செய்வித்து அடக்க விலையில் தரலாம். தொகையைத் தவணையாகக் கூலியிற் பிடித்துக்கொள்ளலாம். பத்து மேசை ஒரே தச்சரிடம் செய்தால் விலை குறையும் என்பதை நூல் கொள்முதல் செய்யும் நமக்குச் சொல்ல வேண்டுவதில்லை. கிடங்கில் சிறு பழுதுக்காக ஒதுக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மடிந்து கிடக்கும் விரிப்புகளைத் திரைக்கும் படுக்கைக்கும் பிள்ளைகளுக்குக் குறைந்த விலையில் வழங்க, நிர்வாகக் குழு முறைப்படி தீர்மானம் செய்யலாம். முறைப்படி என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நல்ல காரியம்தானே என்று கணக்கில் கொண்டுவராமல் எடுத்துக் கொடுத்தால், இக்கட்டுரையை எழுதிய கையே ஆய்வறிக்கையில் குறையும் எழுத நேரிடும்.

உண்மையிலேயே நாற்பத்திரண்டு சதுர அடி இல்லாத வீடுகளும் உள்ளன, மறுப்பதற்கில்லை. அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கத்தின் கூடத்தை மாலை ஆறு முதல் ஒன்பது வரை திறந்துவிடலாம். விளக்கு, விசிறி, மேசை எல்லாம் அங்கே உள்ளன. ஆறு மணிக்கு மேல் அவற்றை அனுபவிப்பது பல்லி மட்டுமே. ஆனால் கூடம் வீட்டிலுள்ள இடத்திற்கு ஈடாகாது. ஒன்பது மணிக்குப் பிறகு படுக்கப் பிள்ளை வீட்டிற்குத்தான் வர வேண்டும். பெண்பிள்ளைகளை இரவில் அனுப்பப் பெற்றோர் தயங்குவதும் நியாயமே. கூடத்தைத் திறந்துவிட்டோம், கடமை முடிந்தது என்று சங்கங்கள் இருந்துவிடலாகாது.

தொடங்கிய இடத்திற்கே வருகிறேன். அந்த நெசவாளர் நான் வாதாடிச் சொன்னவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி சென்றபோது, நின்றுபோயிருந்த அவருடைய பழைய தறியைக் கழற்றியிருந்தார். அதன் சட்டங்களே கட்டிலுக்குக் காலாயின. பலகை இரண்டு புத்தகத் தட்டாயிற்று. தச்சுக்கூலி, விளக்கு, இலவம்பஞ்சு எல்லாம் சேர்ந்து நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கியதாகச் சொன்னார். திரை அவர் நெய்ததே. ஓரத்தில் சாயம் சற்று மாறிப்போன துணி. தறியைக் கழற்றியதால் படிவத்தில் ஒரு தறி குறைவாக எழுத வேண்டி வந்தது. அதைப் பற்றி அவருக்கு வருத்தம் இருந்தது. எனக்கும் சற்று இருந்தது.

புத்தகத் தட்டுக்கு அருகே பெண் தன் பைக்காக அடித்த ஆணியில் நூல்கட்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பை கீழே கிடந்தது. நான் நூல்கட்டைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

“இந்தப் பாவு முடியுற வரைக்கும்தானுங்க” என்றார்.

“போன பாவுக்கும் இதையேதானுங்க சொன்னாரு” என்று திரைக்கு உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் எழுந்து நூல்கட்டைக் கழற்றித் தோளிற் போட்டுக்கொண்டு, அதை மாட்ட வேறு ஆணி தேடிக் கூடம் முழுவதும் ஒருமுறை சுற்றி வந்தார்.